‘கூலி’க்கு ‘ஏ’: முடிவு எடுத்தவர் ஒருவர், நஷ்டம் இன்னொருவருக்கு

2025 ஆகஸ்ட் 14 வியாழக்கிழமை. மறுநாள் சுதந்திர தினம், அடுத்த நாள் கிருஷ்ண ஜெயந்தி, அப்புறம் ஞாயிறு. பெரிய படம் ஒன்றை இறக்க இதைவிடத் தோதான நான்கு நாள் அமையாது. லோகேஷ் கனகராஜ் இயக்கி, சன் பிக்சர்ஸ் தயாரித்து, ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ அன்றுதான் வெளியானது. எல்லாம் பொருந்தி வந்திருந்தது. சான்றிதழ் மட்டும் ‘ஏ’.

ரஜினி படத்துக்கு ‘ஏ’ என்பது ஒரு தலைமுறையே பார்க்காத விஷயம். தாத்தா, அப்பா, பேரன் என்று சேர்ந்து போகிற கூட்டம் அவருடையது. அதில் பேரனை மட்டும் வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் படம் வெளியான முதல் இரண்டு வாரம் காட்டியது. படம் நன்றாக இருந்ததா, ரத்தம் அதிகமா என்பது இங்கே பேச்சில்லை. அதை ஆளாளுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. ஒரு எழுத்து தியேட்டருக்குள் நுழைந்ததும் யார் யாருடைய பாக்கெட்டைத் தொடுகிறது என்பதுதான் விஷயம்.

அறிவுரை எங்கே முடிகிறது, தடை எங்கே தொடங்குகிறது

1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி முதலில் இரண்டு வகைதான்: எல்லோருக்குமான ‘யு’, வயது வந்தவர்களுக்கு மட்டுமான ‘ஏ’. 1983-இல் ‘யு/ஏ’ வந்தது; டாக்டர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் என்று ‘எஸ்’ஸும் வந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

கேட்டால் படிப்படியாக ஏறுகிற ஏணி மாதிரி இருக்கும். ஆனால் தியேட்டர் வாசலில் நின்று பார்த்தால் அப்படியில்லை. யு/ஏ 16+ என்று போட்டிருந்தாலும் பத்து வயதுப் பையனைத் தடுக்க வேண்டிய கடமை தியேட்டர்காரருக்குக் கிடையாது. கூட்டி வருவதா வேண்டாமா என்பது பெற்றோர் பாடு. ‘ஏ’ வந்ததும் பெற்றோர் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை. 18 வயது நிரம்பாதவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் உள்ளே விடக்கூடாது. விட்டால் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தியேட்டர் நடத்த அரசு கொடுக்கிற ‘சி ஃபார்ம்’ லைசென்ஸை நம்பிப் பிழைக்கிற தியேட்டர்காரருக்கு இது விளையாட்டு அல்ல.

அமெரிக்காவில் ‘ஆர்’ படத்துக்கு 17 வயது ஆகாதவர் பெற்றோரோடு போகலாம். பிரிட்டனில் 12ஏ, 15, 18 என்று ஒவ்வொரு படியிலும் வாசலில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. 12ஏ-வில் பெரியவர் கூட வந்தால் போதும், 15-இலும் 18-இலும் யார் வந்தாலும் பயனில்லை. நம்மிடம் யு, 7+, 13+, 16+ என்று நான்கு படி வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஐந்தாவதில் கதவையே சாத்திவிடுகிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. ‘கூலி’ தரப்பு பிற்பாடு நீதிமன்றத்தில் கேட்டதும் ‘ஏ’வுக்குக் கீழே இருக்கிற யு/ஏ-வைத்தான்.

ப்ரிவியூ அறையில் நடந்த கணக்கு

படத்தைச் சென்சாருக்குப் போட்டதும் முதலில் ஆய்வுக் குழு பார்க்கும். ‘இந்த இடத்தில் கட், இந்த வசனத்தில் மியூட் கொடுத்தால் யு/ஏ, இல்லையென்றால் ஏ’ என்பதுதான் வழக்கமான பேரம். ஒத்துவராவிட்டால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேலே ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2011-இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ சென்னையில் ஏகப்பட்ட கட்களைச் சந்தித்து, அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் ‘ஏ’ வாங்கி வெளியே வந்தது. 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயத்தை மத்திய அரசு கலைத்துவிட்டது. இப்போது தணிக்கை வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் நேரே உயர் நீதிமன்றம்தான். வாரக்கணக்கில் நேரம், கூடவே வக்கீல் செலவு.

‘கூலி’யை இரண்டு குழுக்களும் பார்த்தன. இரண்டுமே ‘ஏ’ என்றன. கட் கொடுத்து யு/ஏ வாங்கும் வழி இருந்தும், தயாரிப்பாளர் ‘ஏ’வையே ஏற்றுக்கொண்டார் என்று வாரியத் தரப்பு பிறகு நீதிமன்றத்தில் சொன்னது.

ஏன் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்? ஆகஸ்ட் தொடக்கத்தில் சான்றிதழ் செய்தி வெளியே வந்தபோது ரிலீஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வெளிநாட்டு உரிமை விற்றாகிவிட்டது, தேதி அறிவித்தாகிவிட்டது. இயக்குநருக்குத் தன் காட்சிகள் வேண்டும். தவிர, ரஜினி படத்தின் ஓப்பனிங்கை ஒரு எழுத்து என்ன செய்துவிடும் என்ற தைரியமும் இருந்திருக்கலாம். அந்தத் தைரியம் முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. உலக அளவில் மொத்த வசூல் 500 கோடியைத் தாண்டியது என்பது வர்த்தக வட்டாரக் கணக்கு.

ஆனால் அந்த அறையில் தயாரிப்பாளர் இருந்தார், வாரியத்தின் ஆட்கள் இருந்தார்கள். தியேட்டர்காரர் இல்லை.

டிக்கெட் ஸ்கேன் செய்பவர்

ஆன்லைனில் ‘ஏ’ படத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது ஒரு பெட்டி திறக்கும்: 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, அடையாள அட்டை கொண்டு வரவும், பணம் திரும்பக் கிடைக்காது. யார் படிக்கிறார்கள்? ‘சரி’ என்று தட்டிவிட்டு சீட் தேடப் போய்விடுகிறோம். முதல் நாள் டிக்கெட் நிமிஷத்தில் பறக்கும்போது நிதானமாகப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பெட்டியின் விளைவு வாசலில்தான் தெரியும். நான்கு டிக்கெட், நடுவில் ஐந்தாம் வகுப்புப் பையன். ஸ்கேன் செய்கிற ஊழியர் பையனைப் பார்க்கிறார்.

“சார், இது ஏ படம். பையன விட முடியாது.”

“ரஜினி படம்தானே தம்பி? போன படத்துக்கு இதே தியேட்டருக்குத்தான் வந்தோம்.”

“தெரியும் சார். எங்க கையில இல்ல.”

மேனேஜர் வருகிறார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா என்று இன்னொரு சண்டை. கடைசியில் அப்பாவும் காலேஜ் படிக்கிற அண்ணனும் உள்ளே போவார்கள். அம்மாவும் பையனும் வெளியே உட்கார்வார்கள், அல்லது நான்கு பேருமே ஆட்டோ பிடிப்பார்கள். ‘கூலி’ வெளியான முதல் நாட்களில் மல்டிபிளெக்ஸ்களில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் பற்றிச் செய்திகள் வந்தன. சில நிறுவனங்கள் தனியாக அறிவிப்பே வெளியிட்டன. அதே நாளில் வெளியான ‘வார் 2’ யு/ஏ 16+. அதுவும் அடிதடிப் படம்தான். பக்கத்து ஸ்கிரீனில் அதற்கு அதே பையன் தாராளமாகப் போகலாம்.

டிக்கெட் விற்ற கணக்கில் அந்த நான்கு சீட்டும் நிரம்பியதாகவே இருக்கும், படம் ஹவுஸ்ஃபுல். வாசலில் நடந்தது எந்த அறிக்கையிலும் வராது. அதைவிட, ‘ஏ’ என்று தெரிந்து டிக்கெட்டே எடுக்காத குடும்பம் எங்கேயுமே பதிவாவதில்லை. நான்கு பேர் கொண்ட வீட்டில் 18 ஆகாத ஒரே ஒரு பிள்ளை இருந்தால் போதும், போவது பெரும்பாலும் ஒரு சீட்டு அல்ல, நான்கு. பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு ரஜினி படத்துக்குப் போகிற பெற்றோர் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இதில் மல்டிபிளெக்ஸுக்கும் சிங்கிள் ஸ்கிரீனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கார்ப்பரேட் நிறுவனம் சட்டத்துக்குப் பயப்படும். உத்தரவு மேலிடத்திலிருந்து வரும், ஊழியர் அதன்படி நிற்பார். சின்ன ஊர் தியேட்டரில் முதலாளிக்கு வருகிறவர்கள் எல்லோரையும் தெரியும். ‘ஓரமா உட்காருப்பா’ என்று கண்டும் காணாமல் விடுவது காலங்காலமாக நடப்பது. ஆக, சட்டத்தை ஒழுங்காக மதித்த தியேட்டர் திட்டும் வாங்குகிறது, கூட்டத்தையும் இழக்கிறது. ‘அங்க விட்டாங்களே, நீங்க ஏன் விடல?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாதச் சம்பளத்துக்கு டிக்கெட் ஸ்கேன் செய்கிற 22 வயதுப் பையன்.

இரண்டாவது வாரத்தில் யாருக்கு வலிக்கிறது

பெரிய நடிகர் படத்தில் தியேட்டருக்கும் விநியோகஸ்தருக்கும் உள்ள பங்கு வாரத்துக்கு வாரம் மாறும். முதல் வாரத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு, அவர் வழியாகத் தயாரிப்பாளருக்கு. நாள் ஆக ஆக தியேட்டரின் பங்கு கூடும். முதல் மூன்று நாள் ரசிகர் கூட்டம். விசில், பேப்பர், கட்-அவுட். குடும்பங்கள் வருவது அதற்குப் பின்னால்தான், கூட்டம் அடங்கி, ‘படம் எப்படியாம்?’ என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு. போஸ்டர்களில் ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன்’ என்று ஒட்டிய காலம் தொட்டு இந்த வரிசை பெரிதாக மாறவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தயாரிப்பாளர் சம்பாதிக்கிற நாட்களில் வருவது ‘ஏ’ தடுக்காத இளைஞர் கூட்டம். தியேட்டர் சம்பாதிக்க வேண்டிய நாட்களில் வருவது ‘ஏ’ தடுக்கிற குடும்பக் கூட்டம். சான்றிதழைத் தேர்ந்தெடுத்தவருக்குக் குறைவாகவும், தேர்ந்தெடுக்காதவருக்கு அதிகமாகவும் அடி விழுவது இதனால்தான். கேன்டீன் வருமானமும் அப்படியே. நண்பர்கள் நான்கு பேர் வந்தால் ஒரு பாப்கார்ன். குழந்தைகளோடு வருகிற குடும்பம்தான் ட்ரேயோடு உள்ளே போகும்.

இழந்ததை வேறு வழியில் ஈடுகட்டவும் இங்கே இடம் குறைவு. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மும்பையிலோ டெல்லியிலோ செய்வதுபோல, கேட்கிற கூட்டத்துக்கு ஏற்ப விலையை இரண்டு மடங்காக்கிவிட முடியாது. அதிகாலைக் காட்சிகளும் 2023-இலிருந்து இல்லை. ‘கூலி’க்கும் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். பக்கத்து மாநிலங்களில் அதிகாலையிலேயே படம் ஓடிக்கொண்டிருந்தது. விலையையும் ஏற்ற முடியாது, காட்சியையும் கூட்ட முடியாது என்றால் மிஞ்சுவது தலைக்கணக்கு மட்டும். ‘ஏ’ குறைப்பது அதைத்தான். இந்தியில் 2019-இல் ‘கபீர் சிங்’, 2023-இல் ‘அனிமல்’ என்று ‘ஏ’ படங்கள் வசூலில் பெரிய சாதனை செய்ததைக் காட்டி, ‘ஏ-னால ஒண்ணும் குறையாது’ என்பவர்கள் இந்த இரண்டு பூட்டையும் மறந்துவிடுகிறார்கள்.

அதற்காகத் தமிழில் ‘ஏ’ வாங்கினால் படுத்துவிடும் என்றும் இல்லை. ‘வடசென்னை’, ‘விடுதலை’ முதல் பாகம், ‘ராயன்’ எல்லாமே ‘ஏ’ வாங்கி ஓடியவை. ஆனால் அவை குழந்தைகளை நம்பி எடுத்த படங்கள் அல்ல. பார்க்கப் போனவர்களுக்கும் அது தெரியும். இளைஞர்களைக் குறிவைத்து வருகிற சின்னப் படங்களில் ‘ஏ’வை விளம்பரமாகவே பெரிதாகப் போடுவார்கள். ‘கூலி’யின் சிக்கல் ‘ஏ’ என்பதல்ல, யாரை நம்பிப் படம் எடுத்தார்களோ அவர்களில் ஒரு பகுதியை வெளியே நிறுத்துகிற சான்றிதழை வாங்கியது.

ஒரு காலத்தில் இங்கே ‘ஏ படம்’ என்றாலே காலைக் காட்சி, மங்கிய போஸ்டர், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு போகிற ஆட்கள் என்று ஆகிப்போயிருந்தது. வன்முறைக்காக ‘ஏ’ வாங்கிய நல்ல படமும் அதே பெயரைச் சுமந்தது. 2011-இல் தமிழக அரசு, கேளிக்கை வரி விலக்குக்கு ‘யு’ சான்றிதழ் கட்டாயம் என்று நிபந்தனை வைத்தது. அதன் பிறகு யு/ஏ கூட நஷ்டக் கணக்காகி, ஒவ்வொரு தயாரிப்பாளரும் ‘யு’வுக்காக வெட்டிக்கொண்டிருந்தார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கட்டாயம் போனது. சென்சாரில் இப்போது தெரிகிற துணிச்சலுக்கு ரசனை மாற்றம் ஒரு காரணம் என்றால், இந்த வரிக் கணக்கு இன்னொன்று. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஒரே நீதிமன்றம், இரண்டு மனுக்கள்

படம் வெளியான பிறகு, யு/ஏ கேட்டு சன் பிக்சர்ஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ‘கே.ஜி.எஃப்’, ‘பீஸ்ட்’ போன்ற அடிதடிப் படங்களுக்கு யு/ஏ கொடுத்திருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் ‘ஏ’ என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. லோகேஷின் முந்தைய ‘விக்ரம்’, ‘லியோ’ இரண்டுமே யு/ஏ. இரண்டிலும் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி டி.வி. தமிழ்ச்செல்வி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, 2023 ஆகஸ்டில், இதே நீதிமன்றத்தில் இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று வந்தது. அதே நடிகர், அதே தயாரிப்பு நிறுவனம், படம் ‘ஜெயிலர்’. தலை துண்டாகிற படத்துக்கு யு/ஏ எப்படிக் கொடுக்கலாம், ரத்து செய்யுங்கள் என்று ஒருவர் பொதுநல மனு போட்டார். அதுவும் தள்ளுபடி. சான்றிதழை ஏற்றச் சொன்னாலும் சரி, இறக்கச் சொன்னாலும் சரி, வாரியத்தின் நாற்காலியில் உட்கார நீதிமன்றம் விரும்பவில்லை. நாட்டின் முதல் பெரிய சென்சார் வழக்கும் ‘ஏ’ சான்றிதழில்தான் தொடங்கியது: கே.ஏ. அப்பாஸின் குறும்படத்தில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகள் இருந்ததால் ‘யு’ மறுக்கப்பட்டது. 1970-இல் உச்ச நீதிமன்றம், வயது பார்த்துப் படத்தை வகை பிரிப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்றது. அந்த அடித்தளத்தை இதுவரை யாரும் அசைக்கவில்லை.

‘கூலி’ வழக்கில் எனக்கு விளங்காதது நேரக் கணக்கு. மனு ஜெயித்திருந்தாலும் ஆகஸ்ட் 28-க்குள் விடுமுறை நாட்கள் போய்விட்டன, பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ரிலீஸுக்கு முன்னால் ஏற்றுக்கொண்ட ஒன்றை ரிலீஸுக்குப் பின்னால் எதிர்த்தால் கிடைப்பது என்ன? குழந்தைகள் வராத கூட்டத்தை நேரில் பார்த்த பிறகுதான் அந்த எழுத்தின் விலை உறைத்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

28 நாள் கழித்து

செப்டம்பர் 11 அன்று படம் அமேசான் பிரைமில் வந்தது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பையன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்திருப்பான். ஓடிடிக்கு 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகளின்படி வயது வகை உண்டு, பெற்றோர் பூட்டும் உண்டு. ஆனால் அந்தப் பூட்டைப் போடுவதா வேண்டாமா என்பது அப்பா அம்மா கையில். தியேட்டரில் கிடைக்காத அதே உரிமை. தடையின் முழுப் பாரமும் தியேட்டர் ஓடுகிற நான்கு வாரத்தில் மட்டும் இருக்கிறது. ஏற்கெனவே ஓடிடியிடம் கூட்டத்தை இழந்துகொண்டிருக்கிற தொழிலுக்கு இது ரெட்டை அடி.

டிவி கதை வேறு. 2006-இலிருந்து ‘ஏ’ படத்தை அப்படியே சேனலில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கியாக வேண்டும். 2023 திருத்தம் டிவிக்குத் தனிச் சான்றிதழ் வாங்க வழி செய்தாலும், கேட்டால் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. 2024 கடைசியில் வந்த மலையாள ‘மார்கோ’வுக்கு வாரியம் மறுத்துவிட்டது. சாட்டிலைட் உரிமைதான் ஒரு காலத்தில் பாதிப் பட்ஜெட்டை மீட்டது என்பதால், டிவிக்கான வெர்ஷனை எடிட்டிங்கிலேயே தனியாகத் தயார் செய்கிற பழக்கம் தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது.

அதே வேலையைத் தியேட்டருக்கும் முன்கூட்டியே செய்யலாமே என்றுதான் தோன்றுகிறது. ரிலீஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சென்சாருக்குப் போனால் கையில் பேரம் பேச ஒன்றும் இருக்காது. இரண்டு மாதம் முன்பு போனால் கட் கொடுப்பதா, எதிர்ப்பதா என்று யோசிக்க நேரம் இருக்கும், நீதிமன்றம் போவதாக இருந்தாலும் அதற்கு ஒரு பலன் இருக்கும். தியேட்டர்காரர்களும் ஒப்பந்தம் போடும்போது, ‘ஏ’ வந்தால் முதல் வாரத்திலேயே எங்கள் பங்கு இவ்வளவு கூட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். பெரிய நடிகர் படத்துக்கு அப்படிக் கேட்கிற துணிச்சல் எந்தத் தியேட்டருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம். கேட்டால் படம் எதிர்த் தியேட்டருக்குப் போய்விடும்.